ரவை தடவிய மிருதங்கமும் ஈரம் பார்க்கும் வளையமும்

தை மாதக் கடைசி. மன்னார்குடிக்குப் பக்கத்தில் சம்பா அறுத்து முடித்திருந்த அண்ணனோடு நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போயிருந்தேன். பெரியப்பா மகன். குவியலில் ஒரு கை அள்ளி ஈரப்பதக் கருவியின் கிண்ணத்தில் கொட்டினார்கள். 18.9 என்றது. "மேல் நெல்லு பனியில நனைஞ்சிருக்கும், உள்ள கைய விட்டு எடுங்க" என்றார் அண்ணன். எடுத்தார்கள், 16.8. எதற்கும் இருக்கட்டும் என்று அதே நெல்லைத் திரும்பக் கொட்டினார்கள், 17.6. வரம்பு 17 சதவீதம். மழை பிடித்துக்கொள்ளும் ஆண்டுகளில் அதை 22 ஆக்கச் சொல்லி மாநிலம் டெல்லிக்குக் கடிதம் எழுதும். அது வேறு கதை. "காய வெச்சு எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

திரும்பும் வழியில் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீதான் பிசிக்ஸ் வாத்தியாராச்சே. ஒரே நெல்லுக்கு மூணு நம்பர் எப்படிடா வருது?"

அதற்குப் பதில் சொல்லப் புகுந்துதான் மெட்டா பொருள்கள் வரைக்கும் போக வேண்டியதாயிற்று. மெட்டாமெட்டீரியல் என்ற சொல்லை, பொருளைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும் ஏதோ மாயப் போர்வைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்தப் போர்வையை இப்போதைக்கு மடித்து வைத்துவிடலாம். நான் சொல்ல வருவது உணரிகளைப் பற்றி, அதாவது சென்சார்களைப் பற்றி.

முதலில் அந்தக் கிண்ணம். உள்ளே நெல்லின் இரு பக்கமும் உலோகப் பரப்பு இருக்கிறது. இரண்டு உலோகங்களுக்கு நடுவில் ஏதாவது ஒன்றை வைத்தால் அது மின்தேக்கி. எவ்வளவு மின்னேற்றத்தை அது தேக்கும் என்பது நடுவில் இருப்பது என்ன என்பதைப் பொறுத்தது. இதற்கான அளவை 12ஆம் வகுப்புப் புத்தகம் ஒப்புமை விடுதிறன் என்று சொல்கிறது. காற்றுக்கு அது 1. காய்ந்த தானியத்துக்கு ஒற்றை இலக்கத்தில் ஒரு சின்ன எண். தண்ணீருக்கோ கிட்டத்தட்ட 80. இவ்வளவு பெரிய வித்தியாசம் இருப்பதால்தான் நெல்லில் தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் கருவிக்குத் தெரிந்துவிடுகிறது.

ஆனால் கிண்ணத்தில் நெல்லும் தண்ணீரும் மட்டுமா இருக்கின்றன? மணிகளுக்கு நடுவே காற்றும் இருக்கிறது. அழுத்திக் கொட்டினால் காற்று குறைவு, பொலபொலவென்று கொட்டினால் அதிகம். நெல்லின் ஈரம் மாறாமலே எண் மாறும். நெல் வெயிலில் இருந்து வந்ததா நிழலில் இருந்து வந்ததா என்பதும் சேர்ந்துகொள்ளும். கருவி பொய் சொல்லவில்லை. ஒரே கேள்விக்கு மூன்று விஷயங்களைக் கலந்து பதில் சொல்கிறது, அவ்வளவுதான்.

சரி, இதைவிட நன்றாகக் கேட்பது எப்படி? இங்கேதான் எனக்கு மிருதங்கம் ஞாபகம் வரும். தஞ்சாவூர்க்காரனுக்கு வேறு என்ன வரும்!

கச்சேரி தொடங்குமுன் மிருதங்கக்காரர் என்ன செய்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து இடந்தலையின் நடுவில், அதாவது தொப்பியில், அப்பிக்கொள்வார். தட்டிப் பார்ப்பார். ஒரு சிட்டிகை எடுப்பார், தட்டுவார், மறுபடி கொஞ்சம் வைப்பார். ரவை ஏற ஏற ஒலி கீழே இறங்கும். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார். இப்போது இதைத் தலைகீழாக யோசியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்டு, எவ்வளவு ரவை ஒட்டியிருக்கிறது என்று சொல்ல முடியுமா? நல்ல காது இருந்தால் முடியும். அப்போது அந்த மிருதங்கம் ஒரு தராசு. எதை வைத்தோம் என்பதை எடையாக இல்லாமல் சுருதி மாற்றமாகச் சொல்லும் தராசு. இன்றைய உணரிகள் பல இதே வேலையைத்தான் செய்கின்றன.

வலந்தலையில் வேறொரு பாடம் இருக்கிறது. அங்கே நிரந்தரமாக ஒரு கறுப்பு வட்டம்: சோற்றையும் கல்தூளையும் பிசைந்து அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றியது. சாதாரணத் தோலைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள், அதாவது அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள், ஒன்றோடொன்று ஒட்டாது, வெறும் 'தப்' என்ற சத்தம்தான். அந்தக் கறுப்பு வட்டம் ஏறியதும் அதே தோலின் மேற்சுரங்கள் தந்தியின் சுரங்களைப் போல 1, 2, 3 என்ற வரிசைக்கு வந்துவிடுகின்றன. இதை ஆராய்ந்து எழுதியவர் திருச்சியை ஒட்டிய திருவானைக்காவில் பிறந்த சர் சி. வி. ராமன். 1920இல் சிறு கட்டுரையாகவும், 1934இல் விரிவாகவும் எழுதினார். நோபல் பரிசு பெற்ற பிறகும் அவர் மிருதங்கத்தை விடவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

தோலை மாற்றவில்லை. தோலின் மேல் எதை, எங்கே, எந்தக் கனத்தில் வைத்தோம் என்பதுதான் மாறியது. அதிலேயே தோலுக்கு இல்லாத ஒரு குணம் வந்துவிட்டது. மெட்டா பொருள் என்றால் இதுதான். தனக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட, அது எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதால் குணம் பெறும் பொருள்.

இனி தோலுக்குப் பதில் செம்பு. ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு செம்பு வளையம். ஒரு இடத்தில் சின்ன வெட்டு. காதில் போடும் வளையம் பூட்டாமல் திறந்திருந்தால் எப்படி இருக்கும், அப்படி. டிவி ரிமோட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு பச்சைப் பலகை தெரியுமே, அதைப் போன்ற ஒன்றில் இதை அச்சடித்துவிடலாம். வளையம் ஒரே சுற்று கொண்ட கம்பிச்சுருள். வெட்டின் இரு முனைகளும் எதிரெதிரே நிற்பதால் அது ஒரு குட்டி மின்தேக்கி. கம்பிச்சுருளும் மின்தேக்கியும் சேர்ந்தால் அதற்கென்று ஒரு சுருதி வந்துவிடும். மின்சாரம் அந்த வேகத்தில்தான் முன்னும் பின்னும் ஊசலாடும். அளவைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் அந்தச் சுருதியை வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கலாம். வெளியிலிருந்து பல அதிர்வெண்களில் அலையை அனுப்பிப் பார்த்தால், அந்த ஒரு அதிர்வெண்ணை மட்டும் வளையம் விழுங்கும். வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு குழி விழும்.

அந்த வெட்டின் மேல் இரண்டு நெல்மணியை வையுங்கள். மின்தேக்கியின் அளவு கூடும், சுருதி இறங்கும், வரைபடத்துக் குழி இடப்பக்கம் நகரும். தேக்கம் 4 மடங்கானால் அதிர்வெண் பாதியாகும் என்பது கணக்கு. இதுதான் ரவை. ஈரம் கூடிய நெல், அதிக ரவை.

சாதாரண மின்தேக்கியை விட்டு இந்த வளையத்துக்கு ஏன் போக வேண்டும்? வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். அகலமான வாய்க்காலில் ஒரு கட்டையைப் போட்டால் தண்ணீர் கண்டுகொள்ளாமல் சுற்றிக்கொண்டு போய்விடும். அதே கட்டையை மதகு வாயில் செருகினால் மேலே உள்ள வாய்க்கால் முழுக்கத் தெரிந்துவிடும். வளையத்தின் வெட்டு அந்த மதகு மாதிரி. அலையின் மின்புலம் எல்லாம் அந்த மயிரிழை இடைவெளியில் வந்து நெருக்கும். அங்கே ஒரு சொட்டு, ஒரு மணி, ஒரு படலம் வந்து உட்கார்ந்தாலும் மொத்த வளையமும் குரல் மாற்றிப் பேசும்.

ஒரு வளையம் இருந்தால் அது ஒரு கருவி. ஆயிரம் வளையத்தை வரிசை வரிசையாக நட்டால் அது ஒரு பொருள். 'நட்டால்' என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். திருந்திய நெல் சாகுபடியில் 25 சென்டிமீட்டருக்கு ஒரு குத்து என்று நடுகிறோம். வரப்பில் நின்றால் ஒவ்வொரு குத்தும் தனித்தனியாகத் தெரியும். பேருந்து ஜன்னலில் இருந்து பார்த்தால் ஒரே பச்சைப் பாய். அலைக்கும் அப்படித்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், வளையமோ ஒரு சென்டிமீட்டர். அலையால் வளையங்களைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க முடியாது. ஒரே பாயாகத்தான் உணரும். அந்தப் பாயின் குணத்தை நிர்ணயிப்பது நாம் நட்ட விதம். குத்துகள் அலைநீளத்தைவிட நன்றாகச் சிறியதாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் இதற்கு நிபந்தனை.

இந்த யோசனை எவ்வளவு பழையது தெரியுமா? 1898இல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், முறுக்கிய சணலைக் கட்டாக வைத்து அதன் வழியே நுண்ணலையை அனுப்பினார். ஒரு பக்கமாக முறுக்கிய சணல் அலை அதிரும் தளத்தை ஒரு பக்கம் திருப்பியது. எதிர்ப்பக்கம் முறுக்கியது எதிர்ப்பக்கம் திருப்பியது. சணல் அதே சணல், முறுக்கு மட்டும் வேறு. கொள்முதல் நிலையத்தில் நெல்லை அள்ளிப் போடும் சாக்கும் சணல்தானே என்று அண்ணனிடம் சொன்னபோது, "சாக்குக்கும் ஆராய்ச்சியா" என்று சிரித்தார்.

அதன் பிறகு 1967இல் ரஷ்யாவின் விக்டர் வெசலாகோ, ஒரு பொருள் மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் காட்டும் குணம் இரண்டும் ஒருசேர எதிர்க்குறியானால் ஒளி வழக்கத்துக்கு மாறான பக்கம் வளையும் என்று தாளில் எழுதிக் காட்டினார். இயற்கையில் அப்படி ஒரு பொருள் கையில் இல்லாததால் அது தாளிலேயே கிடந்தது. 1999இல் இங்கிலாந்தின் ஜான் பெண்ட்ரி வெட்டு வைத்த வளையங்களை முன்வைத்தார். 2000, 2001இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் டேவிட் ஸ்மித்தும் சகாக்களும் அப்படி ஒரு பொருளைச் செய்து, அலையை வளைத்தே காட்டினார்கள். 2006இல் மாயப் போர்வை வந்தது. நுண்ணலைக்கு மட்டும், ஒரு சின்ன உருளையை மறைக்க மட்டும். பத்திரிகைகள் அந்தப் போர்வையை விடாமல் பிடித்துக்கொண்டன. என்னைக் கேட்டால், ஊருக்கு உதவப் போவது போர்வையைவிட அந்த வளையம்தான்.

அப்புறம் நானோ. ஏன் அவ்வளவு சிறிதாகப் போக வேண்டும்? கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். ஒரு நெல்மணியின் நீளம் சுமார் 6 மில்லிமீட்டர் என்றால் அது 60 லட்சம் நானோமீட்டர். ஒளியோடு விளையாட வேண்டுமானால் குத்துகளை அதைவிடச் சின்னதாக, நூறு, ஐம்பது நானோமீட்டர் அளவில் நட வேண்டும்.

இதை மயில் எப்போதோ செய்துவிட்டது. வயலில் இறங்கி நெல்லைக் கொறிப்பதால் எங்கள் பக்கம் மயிலைப் பற்றி யாரும் நல்லதாகப் பேசுவதில்லை. ஆனால் அதன் தோகையைக் குறை சொல்ல முடியாது. அந்த நீலத்தில் நீலச் சாயம் கிடையாது. உள்ளே இருப்பது நம் தலைமுடியைக் கறுப்பாக்கும் மெலனின்தான். அந்த மெலனின் குச்சிகள் சுமார் 140 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்கியிருந்தால் நீலம், சற்று விலகினால் பச்சை, இன்னும் விலகி 165 அளவுக்குப் போனால் மஞ்சள். இடைவெளியே நிறம் என்றால், இடைவெளியை மாற்றும் எதையும் நிறத்தால் கண்டுபிடிக்கலாம். ஈரம் பட்டால் உப்பும் ஜெல்லுக்குள் இப்படி அடுக்கு வைத்தால், அது ஈரத்தை நிறமாகவே காட்டும்; பேட்டரி கூட வேண்டாம்.

தங்கத்தின் கதை இன்னும் சுவையானது. தஞ்சாவூர் ஓவியத்தில் ஒட்டும் தங்க ரேக்கு மஞ்சளாக மின்னும். அதே தங்கத்தை 15, 20 நானோமீட்டர் துகளாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் செம்பருத்தி நீர் மாதிரி சிவப்பு. மைக்கேல் ஃபாரடே 1857இல் இதை ஆராய்ந்தார். துகளுக்குள் இருக்கும் எலெக்ட்ரான்கள் குடத்துத் தண்ணீர் போல ஒரு குறிப்பிட்ட தாளத்தில் தளும்புகின்றன. அந்தத் தாளம் பச்சை ஒளியின் தாளத்தோடு பொருந்துவதால் பச்சையை விழுங்கிவிட்டு மிச்சத்தை விட்டுவிடுகின்றன. நமக்குச் சிவப்பு தெரிகிறது. செம்பு வளையத்தின் சுருதியைப் போலவே இதுவும் ஒரு சுருதி, லட்சக்கணக்கான மடங்கு சுருங்கிய வளையத்தில்.

இந்தச் சிவப்பை நீங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கக்கூடும். மருந்துக்கடையில் விற்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டைகள் பலவற்றில் தெரியும் அந்த இளஞ்சிவப்புக் கோடு தங்கம். அட்டையின் முனையில் சிறுநீர் விட்டதும் அது காகிதத்தில் ஊறி நகர்கிறது. வழியில் காய்ந்து கிடக்கும் தங்கத் துகள்களைக் கரைத்து இழுத்துக்கொண்டு போகிறது. ஒவ்வொரு துகளின் மேலும் எச்சிஜி என்ற ஹார்மோனைக் கவ்விப் பிடிக்கும் எதிர்ப்பொருள்கள் பூசியிருக்கும். கர்ப்பம் இருந்தால் ஹார்மோன் இருக்கும். தங்கம் அதைக் கவ்வியபடி நகரும். முதல் கோட்டில், அதே ஹார்மோனின் இன்னொரு பக்கத்தைக் கவ்வும் எதிர்ப்பொருளைக் காகிதத்தில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். அங்கே தங்கம் சிக்கிக் குவிகிறது, கோடு சிவக்கிறது. ஹார்மோன் இல்லையென்றால் தங்கம் நிற்காமல் கடந்துபோய், இரண்டாவது கோட்டில் மட்டும் நிற்கும். அந்த இரண்டாவது கோடு 'அட்டை கெட்டுப்போகவில்லை' என்று சொல்வதற்காக வைத்தது. மின்சாரம் இல்லை, திரை இல்லை, ஐந்து நிமிடம். இதைவிடப் பரவலாக ஊரெங்கும் போய்ச்சேர்ந்த நானோ உணரி வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கடலையில், மக்காச்சோளத்தில் பூஞ்சை விடும் அஃப்லடாக்ஸின் நஞ்சைப் பார்க்கவும் இதே வகைப் பட்டைகள் வந்துவிட்டன.

தங்கத்துக்கு இன்னொரு வித்தையும் உண்டு. துகள்கள் தனித்தனியே மிதக்கும்வரை சிவப்பு. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஊதா, நீலம். ஆகவே நாம் தேடும் பொருள் வந்தால் மட்டும் துகள்கள் ஒட்டிக்கொள்ளும்படி செய்துவிட்டால் தண்ணீரின் நிறமே பதில் சொல்லும். பாதரசத்துக்கும் பூச்சிக்கொல்லி மருந்துகளுக்கும் இப்படி ஆய்வகத்தில் நிறையச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் வேதாரண்யத்து உப்பில் ஒரு சிட்டிகையைக் கரைத்துவிட்டாலும் சாதாரணத் தங்க நீர் நீலமாகிவிடும். துகள்களை விலக்கி வைக்கும் மின்விசையை உப்பு மூடிவிடுகிறது. கடலோர டெல்டாவில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும் ஊர்கள் எத்தனை! அங்கே இந்த உணரியை அப்படியே கொண்டுபோனால் பூச்சிமருந்தும் இல்லாமல் பாதரசமும் இல்லாமல் 'ஆபத்து' என்று கூவும்.

ராமனிடம் இன்னொரு முறை போக வேண்டியிருக்கிறது. 1928 பிப்ரவரி 28 அன்று அவர் கண்ட விளைவைத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். ஒரு பொருளின் மேல் ஒளி பட்டுச் சிதறும்போது மிகச் சொற்பமான பங்கு நிறம் மாறி வருகிறது. அந்த மாற்றம் அந்த மூலக்கூறின் கைரேகை. சிக்கல் என்னவென்றால், அது ஏறத்தாழ கோடியில் ஒன்று. 1974இல் இங்கிலாந்தின் சவுதாம்டனில் சொரசொரப்பாக்கிய வெள்ளியின் மேல் இதைச் செய்தபோது எதிர்பாராத பலமான சமிக்ஞை கிடைத்தது. லட்சம், பத்து லட்சம் மடங்கு பெருகுகிறது என்பது 1977இல் உறுதியானது. வெள்ளியின் நானோ மேடுபள்ளங்களுக்கு நடுவில் ஒளியின் மின்புலம் நெருக்குவதுதான் காரணம். மறுபடியும் மதகுதான்! பழத்தோலில் ஒட்டியிருக்கும் பூச்சிமருந்தை இந்த வழியில் அடையாளம் கண்டிருக்கிறார்கள். கைரேகையே கிடைப்பதால் 'ஏதோ வந்திருக்கிறது' என்பதோடு நிற்காமல் 'வந்தது இன்னது' என்று இது சொல்லும்.

வாயு உணரிகளில் வேலை செய்வது பரப்பளவு. ஒரு சென்டிமீட்டர் கட்டியை 10 நானோமீட்டர் கட்டிகளாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர் ஆகும். 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா என்ற எங்கள் ஊர்க் கணக்கில் 45 குழி, ஏறக்குறைய அரை மா நிலம். சுண்டைக்காய் அளவுக் கட்டிக்குள் அரை மா! வாயுக் கசிவு மணிக்குள் இருக்கும் டின் ஆக்ஸைடு பொடியின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜனைச் சமையல் வாயு வந்து பறித்துக்கொண்டு போகும். பொடியின் மின்தடை இறங்கும். கசிவு மணி அடிக்கும். பரப்பு கூடக் கூட காது கூர்மையாகும்.

இப்போது அண்ணன் கேள்விக்கு வரலாம். கிண்ணம் ஒரே ஒரு எண்ணைத்தான் தருகிறது, அதில் ஈரமும் கொட்டிய விதமும் கலந்துகிடக்கின்றன என்றேன். வளையம் இரண்டு எண் தரும். ஒன்று, சுருதி எவ்வளவு இறங்கியது. இன்னொன்று, ஒலி எவ்வளவு சீக்கிரம் அடங்கியது, அதாவது வரைபடத்தில் குழி எவ்வளவு அகன்று மங்கியது. ரவை அதிகம் அப்பினால் தொப்பியின் கார்வை குறைகிறதே, அதே சங்கதி. நெல் நெருக்கமாக விழுந்தால் இரண்டு எண்ணும் சேர்ந்தே ஏறும். ஆகவே ஒன்றை மற்றொன்றால் வகுத்துவிட்டால் நெருக்கத்தின் பங்கு பெருமளவு அடிபட்டுப் போகும், மிஞ்சுவது ஈரம். நுண்ணலையால் தானிய ஈரம் பார்ப்பவர்களுக்கு இது தெரிந்த உத்திதான். வெயிலின் பங்கைக் கழிக்க, நெல் படாமல் பக்கத்திலேயே இன்னொரு வளையம் வைத்துக்கொள்ளலாம்.

வளையத்துக்குச் செலவு அதிகம் இல்லை. அலையை அனுப்பி வாங்கும் மின்னணுப் பகுதிதான் விலை. தூசு, உமி, வியர்வைக் கை, களத்து வெயில் எல்லாவற்றையும் தாங்கி ஒரு பருவம் முழுக்க அது ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். ஆய்வக மேசையில் அழகாக நகரும் குழி, நெல் களத்தில் அப்படியே நகரும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

"அது வர்ற வரைக்கும்?" என்றார் அண்ணன். அது வரும்வரை ஒரு யோசனைதான் சொல்ல முடிந்தது. குவியலின் நாலு பக்கத்தில் இருந்தும் அடியில் இருந்தும் நெல் எடுத்துக் கலந்துகொள்ள வேண்டும். கொஞ்சம் நிழலில் ஆறவிட வேண்டும். கிண்ணத்தில் ஒரே உயரத்தில் இருந்து, அழுத்தாமல், மூன்று முறை கொட்டிச் சராசரி எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அண்ணன் பதில் சொல்லாமல் ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தார். 'டக்' என்று உடையவில்லை, கொஞ்சம் நசுங்கியது. "இன்னும் ஒரு வெயில் வேணும்டா" என்றார். மறுநாள் காலை தார்ச்சாலை ஓரத்தில் நெல்லைப் பரப்பிக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு நல்ல வெயில் ஏறியது.